சந்தியில் நிற்பவர் யார் பிள்ளைகள்?

‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்…’ என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று நம் எல்லோர் நாவிலும் இருக்கிறது. அதை எப்படி முடிப்பது என்று எவரும் தடுமாறுவதில்லை. தேநீர்க் கடையிலும், திருமண வீட்டிலும், பஸ் வண்டியின் நெரிசலிலும் அவரவர் மனம்போல் அதனை முடித்துவிடுகிறோம். என் பாட்டனார் என் தந்தையாரைப் பற்றி அப்படித்தான் முடித்தார். என் தந்தையார் என்னைப் பற்றி முடித்தார். இன்று என் முறை வந்திருக்கிறது. வாக்கியத்துக்கு வயதாவதில்லை, அதைச் சொல்பவருக்குத்தான் வயதாகிறது.

கண்டிக்கும் வத்தேகமைக்கும் இடையில், மலைகள் சூழ்ந்த மடவளையில் வாழ்கிறவன் நான். எங்கள் கடைத்தெருவில் அந்திப் பொழுதில் நடந்து பார்த்தவர் அறிவர். பாடசாலை விட்டு, மாலை வகுப்பும் விட்டு, வீடு திரும்பும் மாணவர் ஒருபுறம். தொழுகைக்கு விரையும் பெரியோர் ஒருபுறம். நிறுத்த இடமின்றி வட்டமிடும் முச்சக்கர வண்டிகள் ஒருபுறம். இவற்றுக்கு நடுவே, சந்தியில் நாலைந்து வாலிபர் நிற்பர். எதற்காக நிற்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. நிற்பதற்கு வேறு இடம் இல்லை என்பதே பல வேளைகளில் உண்மையான விடை.

இந்த விடயம் என் சிந்தனையில் ஆழப் பதிந்ததற்குக் காரணம், அயலூர் ஒன்றில் நான் கண்ட கூட்டமாகும். 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, 2023 மார்ச் மாதத்தில் பழைய சபைகளின் பதவிக்காலம் முடிந்தது முதல், மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் இல்லாமலே சபைகள் நடந்தன. குறை சொல்லவும் ஆள் இல்லை என்று மக்கள் வாளாவிருந்த காலம் அது. ஆதலால் புதிய சபை அமைந்தபின் குடியிருப்பாளரின் குறைகளைக் கேட்கக் கூட்டம் என்றதும் மண்டபம் நிறைந்துவிட்டது. உறவினர் ஒருவரின் அழைப்பில் நானும் பின்வரிசையில் அமர்ந்தேன்.

எழுந்து பேசியவர்கள் பொய் பேசவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவரைப் பேணும் மாது ஒருவர், நள்ளிரவில் பேரொலியுடன் பாயும் மோட்டார் சைக்கிள்கள் நோயாளியைத் தூக்கிவாரிப் போடச் செய்வதைக் கண்ணீருடன் கூறினார். கடைக்காரர் ஒருவர், தம் கடைவாசலில் கூடி நிற்போரால் பெண்கள் உள்ளே வரத் தயங்குவதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், ஊருக்குள் போதைப்பொருள் நுழைவதைப் பற்றிப் பேசினார்; அப்போது மண்டபம் முழுவதும் அமைதி நிலவியது. தன் வீட்டுக் கதவையும் அது தட்டக்கூடும் என்ற அச்சம் எல்லார் முகத்திலும் தெரிந்தது.

இவ்வாறு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இளைஞரைப் பற்றியே பேசப்பட்டது. மண்டபத்தில் இருந்த இளைஞரோ இருவர் மட்டுமே. அவர்களும் கதிரை அடுக்கவும் தேநீர் பரிமாறவும் வந்தவர்கள். கூட்டம் முடியும் தறுவாயில், தலைமை தாங்கியவர் சிரித்தபடி அவர்களில் ஒருவனைப் பார்த்து, “மகன், நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்” என்றார். தட்டை மேசையில் வைத்துவிட்டு அவன் சொன்னான்:

“சேர், அந்தப் பாலத்தடியில ரெண்டு லைட் போட்டுத் தந்தா போதும். இருட்டுல நின்டா கள்ளன் என்டுறாங்க. வெளிச்சத்துல நின்டா காவாலி என்டுறாங்க. நாங்க எங்க நிக்கிறது?”

சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் எவரும் கேட்காத கேள்வியை அவன் கேட்டுவிட்டான்.

அவன் கேள்வியைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். உயர்தரப் பரீட்சை எழுதிய ஒரு மாணவன், பெறுபேறு வரும் வரையும், பின்னர் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கும் வரையும் மாதக்கணக்கில் காத்திருக்கிறான். இடம் கிடையாதவன் தொழிலுக்காகவோ, வெளிநாடு செல்லவோ காத்திருக்கிறான். பிள்ளையும் அல்லாத, பெரியவனும் அல்லாத அந்த இடைக்காலத்துக்கு நாம் ஒதுக்கிய இடம் எது? வீட்டில் அறை போதாது; நூலகம் மாலையில் பூட்டப்படும்; விளையாட்டு மைதானம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை, மலைநாட்டில் சமதரை கிடைப்பதே அரிது. எஞ்சியிருப்பது சந்தி ஒன்றுதான். பெண் பிள்ளைகளுக்கோ அந்தச் சந்தியும் இல்லை. அவர்களைப் பற்றி அந்த மண்டபத்தில் முறைப்பாடு எதுவும் எழவில்லை. அவர்கள் கண்ணில் படாமையே அதற்குக் காரணம்.

தெருவில் நடப்பது சிறு விடயந்தானே, இதற்கு இத்தனை சிந்தனை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கண்டி மாவட்டத்தவராகிய நாம் அப்படிக் கேட்க முடியாது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியாவில், வாகனம் செலுத்துவது தொடர்பாக ஒரு தகராறு எழுந்தது. சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் வாலிபர் சிலர் தாக்கினர். அவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிர் நீத்தார். மார்ச் 5ஆம் திகதி திகனையில் வன்முறைக் கும்பல்கள் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின. எரிந்த வீட்டினுள் ஓர் இளைஞன் மாண்டான். மறுநாள் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அந்தத் தீயை மூட்டியவர் வேறு, அதற்கு நெய் வார்த்த வெறுப்புப் பிரசாரம் வேறு என்பது உண்மையே. ஆயினும் முதற்பொறி விழுந்த இடம் தெரு. ஓர் இளைஞனின் சினம் தணிக்கப்படாமல் போனால் எங்கே போய் முடியும் என்பதை நம் மாவட்டம் கண்ணாற் கண்டிருக்கிறது.

இளைஞரை வெளியே நிறுத்திவிட்டு ஊர்க்காரியம் பேசுவது நமக்குப் புதிய பழக்கமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களை நாம் பெருமையுடன் பேசுகிறோம். ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் தெரிந்த முறையை அவை விவரிக்கின்றன. ஆனால், உறுப்பினராகத் தகுதி உடையோர் 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்றும் அங்கே விதித்திருக்கிறார்கள். குடத்திலிருந்து ஓலை எடுக்கச் சிறுவன் வேண்டும்; அவன் வளர்ந்து வாலிபனானால் சபையில் இடமில்லை! தேநீர்த் தட்டுடன் நின்ற நம் வாலிபனும் அந்த மரபில் வந்தவனே.

இலங்கைச் சட்டம் இந்த விடயத்தில் நம் மனத்தைவிட வேகமாக நடந்திருக்கிறது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது 21 வயது நிரம்பியோரே வாக்களித்தனர். 1959இல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1980களின் இறுதியில் தென்னிலங்கையிலும் வடக்கு கிழக்கிலும் இளைஞர் ஆயுதம் ஏந்திய பேரழிவின் பின், அதன் காரணங்களை ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, 1990இல் அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டில், உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுக்களில் நூற்றுக்கு 40 பேர் இளைஞராயிருக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. பின்னர் அது தளர்ந்தது. 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் காற்பங்கு இளைஞர் இருத்தல் வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருந்தது. எத்தனையோ உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

வேட்புமனுவில் பெயர் இருப்பது மட்டும் போதுமா? அமெரிக்காவில் பொஸ்டன் நகர சபை 2014ஆம் ஆண்டில் ஒரு புதுமையான காரியம் செய்தது. பத்து இலட்சம் டொலரை ஒதுக்கி, அதனை எதற்குச் செலவிடுவது என்று 12 முதல் 25 வயது வரையுள்ளோரே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்றது. நம் சபைகளிடம் அத்தனை செல்வம் இல்லை. ஆனால், இரண்டு தெருவிளக்கை எங்கே பொருத்துவது என்று ஊர்ப் பிள்ளைகளைக் கேட்பதற்குச் செல்வம் தேவையில்லையே!

கேட்கும் முறையையும் நாம் கற்க வேண்டும். அன்றைய கூட்டத்தில் பாதிக் குறைகள் அந்தச் சபைக்கு உரியவையே அல்ல. பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருக்கின்றன. வேறு சில தெருக்கள் மாகாணத்தின் பொறுப்பில் இருக்கின்றன. உள்ளூர்ச் சிறு தெருக்களும், கான்களும், குப்பை அகற்றலும், தெருவிளக்கும் சபையின் வேலை. கட்டுக்கடங்கா வேகமும் போதைப்பொருளும் பொலிசாரின் வேலை. யாரிடம் எதைக் கேட்பது என்று அறியாமல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டினால், எவரும் பொறுப்பேற்க மாட்டார். பழி மட்டும் சந்தியில் நிற்பவன் தலையில் விழும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபையின் குழுக்களில் ஊரவரும் பங்குபெற இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு தெருவுக்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். குடியியற் பாடத்தை மனனம் செய்யும் நம் மாணவர், அதே பாடத்தைத் தம் தெருவுக்காக ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அந்தப் பாலத்தடியில் பின்னர் விளக்குப் போடப்பட்டது. யாரோ கருணையால் போட்டதன்று. அந்த இளைஞர் நால்வர், இருள் சூழ்ந்த தூண்கள் எவையென்று எண்ணிக் குறித்து, அயல் வீட்டார் கையொப்பத்துடன் மகஜர் எழுதிக் கொடுத்ததன் பயன். முதற் கையொப்பம் யாருடையது தெரியுமா? நோயாளிக் கணவருக்காகக் கண்ணீர் வடித்த அந்த மாதினுடையது. கையொப்பம் வாங்கச் சென்ற பிள்ளைகள் படுக்கையிற் கிடந்தவரைக் கண்டார்கள். அதன்பின் அந்தத் தெருவில் இரவு வேளை மோட்டார் சைக்கிள்கள் மெதுவாகச் செல்கின்றன என்று உறவினர் சொன்னார். எல்லா வண்டிகளும் அல்ல. ஆனால் அந்த நால்வரின் வண்டிகள் நிச்சயமாக.

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் ஊரில் இத்தகைய கூட்டம் நடக்குமாயின், தனியே செல்லாதீர்கள். வீட்டிலுள்ள வாலிப மகனையும் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். முன்வரிசையில் உங்கள் பக்கத்தில் அமர்த்துங்கள். அவர்கள் பேசுவது சில வேளை நம் செவிக்கு இனிதாயிராது. இனிதாயிராத சொல்லை மண்டபத்தில் கேட்டுக்கொள்வது எளிது. அதே சொல் தெருவில் வெடிக்கும் வரை காத்திருப்பது கடிது.

சந்தியில் நிற்பவர் யார் பிள்ளைகள் என்று இனியும் கேட்க வேண்டாம். அவர்கள் வேறு எங்கிருந்தும் வந்தவர் அல்லர். இரவு நேரம் சென்றதும் நாம் கதவைத் தாழிடாமல் காத்திருப்பது அவர்களுக்காகத்தான்.