பாட்டனாரின் வில்வண்டி

மானாம்பதியில் நம் வீட்டுப் பின்கட்டின் சார்ப்பில் நெடுங்காலமாக ஒரு வில்வண்டி நின்றிருந்தது. நம் பாட்டனார் செய்வித்த வண்டி அது. கோரைப்பாய் வியாபாரத்தின் பொருட்டு அவர்கள் வந்தவாசிக்கும் காஞ்சிபுரத்திற்கும் சென்று வருவார்கள். பாய்க்கட்டுகள் கட்டைவண்டியில் முன்னே போகும். அவர்கள் இதில் பின்னே செல்வார்கள். வழியில் இரவாகிவிட்டால் சத்திரம் தேடுவதில்லை. காளைகளை அவிழ்த்து, நுகத்தடிக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி, கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய் விரித்தால் அதுவே வீடு. முன்னும் பின்னும் திரையை இறக்கிவிட்டால் பெண்டிர்க்கும் மறைவு. 1983இல் நம் தமக்கையார் மணமாகி வந்தவாசிக்குப் போனதும் இவ்வண்டியில்தான்.

வில்வண்டி என்னும் பெயரே அதன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே வளைந்திருக்கும் எஃகுப் பட்டைகளே அந்த வில். பட்டறைக்காரர்கள் இன்றும் ‘பட்டை’ என்றே சொல்கிறார்கள். தமிழர் அதன் வடிவைக் கண்டு பெயரிட்டார்கள். இக்கால அரபியர் சுருள்வில் முதலான எல்லாவற்றையும் ‘நாபிள்’ என்கிறார்கள், துடிப்பது என்று பொருள். நாடித் துடிப்பைக் குறிக்கும் ‘நப்ளு’ என்னும் சொல்லின் வழி வந்தது. இரண்டும் பொருத்தமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒபதையா எலியட் என்னும் வண்டித் தொழிலாளர் இத்தகைய வில்லைத் திருத்தமுறச் செய்த பின்னர்தான் சாரட்டுகளின் பாரம் குறைந்தது. நம் நாட்டிலோ அது மதிப்பின் சின்னமாகவும் ஆயிற்று. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டியிலேறிப் பொதுச்சாலையில் சென்றது உரிமைப் போராட்டமாகவே நினைக்கப்படுகிறது. நம் பாட்டனார்க்கு அத்தகைய எண்ணம் எதுவும் இருந்திராது. அவர்களுக்கு இடுப்புவலி இருந்தது.

சென்ற ஆண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஓர் உல்லாச விடுதிக்காகப் பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார். இடப்பக்கத்து மெயின் பட்டை நடுவில் முறிந்து கிடந்தது. பட்டைகளின் நடுவே சென்டர் போல்ட் செல்லும் துளை இருக்கிறதே, அங்கேதான் பெரும்பாலும் முறிவு நேரும். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே துருவேறி அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது இறுகிவிட்டால் முறிவு இன்னும் விரைந்து வரும். “இப்படியே என்றால் 15,000. ஓடும் நிலையில் தந்தால் 30,000. விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றிக்காட்ட வேண்டும்” என்றார்.

காஞ்சிபுரத்துப் பட்டறை ஒன்றில் விசாரித்தோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே நிற்கும். ஆகவே இரு பக்கமும் மாற்ற வேண்டும் என்றார்கள். பட்டைகளை எடைபோட்டுத்தான் விற்கிறார்கள். 16 கிலோ, கிலோ 140 வீதம் 2,240 ரூபாய். நுனியில் கண் சுருட்டவும், வளைவு ஏற்றவும், காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதம் வைக்கவும் கூலி 3,000. போல்ட், புஷ் வகைக்கு 1,360. உளுத்த கட்டையை மாற்றத் தச்சருக்கு 1,800. ஏற்றிச் செல்லவும் கொண்டு வரவும் 600. ஆக 9,000 ரூபாய். மதரஸா ஆசிரியரின் சட்டைப்பைக்கு இது சிறிய தொகையன்று.

அப்போதுதான் பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்தி, “எதுக்கு ஹஜ்ரத் அவ்வளவு செலவு? முறிஞ்ச பட்டையை வெல்டிங் வெச்சு, தேய்ச்சு, கறுப்புப் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். 700 ரூபாய். ஒருத்தருக்கும் தெரியாது” என்றார். வில்லெஃகில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் அதன் பதம் கெட்டு, ஒட்டின் அருகிலேயே மறுபடியும் முறியும் என்பதையும் அவரே சொன்னார், ஒளிக்கவில்லை. “மணல்ல நாலு சுத்து சுத்தப் போற வண்டிதானே!”

அன்றிரவு நாம் உறங்கவில்லை என்று எழுதினால் மிகையாகும். உறங்கினோம். ஆயினும் மனத்துள் கழித்தல் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வேறுபாடு 8,300 ரூபாய். இத்தனை ஆண்டுகளாகக் குதூரியில் வியாபாரப் பாடத்தையும், குறை கண்ட பொருளைத் திருப்பித் தரும் உரிமையாகிய ‘கியாருல் ஐப்’ என்னும் பகுதியையும் நடத்தி வருகிறோம். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, அடியில் ஈரம் கண்ட நிகழ்ச்சியைச் சொல்லும்போது மாணவர்கள் கண்ணிமைக்காமல் கேட்பார்கள். நம் ஈரம் கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் இருக்கப் போகிறது, அவ்வளவே. அதிலும் அந்த ஈரத்தின்மேல் பிறர் பிள்ளைகள் உட்கார்ந்து வருவார்கள்.

மற்றொன்றும் இருந்தது. வண்டி நமக்கு மட்டும் உரியதன்று. பாட்டனாருக்குப் பின் தந்தையாருக்கு வந்தது; தாயார் அவர்களுக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். தந்தையார் மறைந்தபின் நிலமும் வீடும் முறையாகப் பங்கிடப்பட்டன; வண்டியை ஒருவரும் நினைக்கவில்லை. நமக்கும் தம்பிக்கும் இவ்விரண்டு பங்கு, தமக்கையார்க்கு ஒரு பங்கு. ஊராருக்குப் பாகப்பிரிவினைக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் நாமே இதை மறந்திருந்தது வெட்கமாகத்தான் இருந்தது.

சென்னையிலிருக்கும் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னபோது, “15,000க்கே தள்ளிவிடுங்கள் அண்ணே, எதற்கு அலைச்சல்?” என்றார். தமக்கையாரோ விலையைக் கேட்கவேயில்லை. “வில் மாற்றினால் வண்டி ஓடுமா தம்பி?” என்றார்கள். ஓடும் என்றோம். “அப்படியானால் என் பங்குச் செலவு எவ்வளவு?” 1,800 என்றோம். மறுநாளே அனுப்பிவிட்டார்கள். அதன்பின் தம்பியும் மறுக்கவில்லை.

புதுப் பட்டைகள் வந்தன. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதாகத் திருக்குர்ஆன் 34ஆம் அத்தியாயத்தில் வருகிறது. நமக்கு அது மென்மையாகவில்லை. அவற்றைக் கையில் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் தைலம் தடவினோம். ஊரில் எஞ்சியிருந்த ஒரு சோடிக் காளைகளை இரவல் வாங்கிப் பூட்டினோம். வந்தவாசியிலிருந்து பேருந்தில் வந்த தமக்கையார், முழங்கால் வலியோடு ஸ்டூல் போட்டு ஏறி, கூட்டுச்சாலை நோக்கிச் சிறிது தொலைவு போய்த் திரும்பினார்கள். திரையை இறக்கச் சொன்னார்கள். பின்பு அவர்களே விலக்கி, இருபுறமும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எதுவும் பேசவில்லை. இறங்கியதும், “அப்போது இதைவிடக் குலுங்கியது” என்று மட்டும் சொன்னார்கள்.

வாங்குபவர் வந்தபோது உள்ளதைச் சொன்னோம்: வில் புதிது, அச்சு பழையது, வலப்பக்கச் சக்கரத்தில் இரண்டு ஆரங்கள் வெடித்தவை. முந்தைய வருகையில் அவர் ஆரங்களைக் கவனித்திருக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு 2,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டார்! 28,000இல் செலவு போக 19,000. தமக்கையார்க்கு 3,800, நமக்கும் தம்பிக்கும் 7,600 வீதம்.

பழைய பட்டைகள் விற்பனையில் சேரவில்லை. அரிவாள் அடிக்க ஏற்ற இரும்பு என்று கொல்லர் ஒருவர் கேட்டார். துருப்போக 14 கிலோ நின்றது. கிலோ 30 வீதம் 420 ரூபாய் தந்தார். அதிலும் ஐந்தில் ஒரு பங்காகிய 84 ரூபாயைத் தமக்கையாரின் கையில் கொடுத்தோம். அவர்கள் நோட்டையும் சில்லறையையும் எண்ணிப் பார்த்துவிட்டு, “வந்தவாசியில் கிலோ 35க்கு எடுக்கிறார்களே, விசாரித்தாயா தம்பி?” என்றார்கள்.