வேலிக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே

சன்னிவேல் நகரின் நடுவே ஓடினாலும் எல் கமீனோ ரியல் அந்த நகரத்துக்குச் சொந்தமில்லை. அது கலிஃபோர்னியா மாநிலத்தின் 82ஆம் எண் நெடுஞ்சாலை. இங்குள்ள தமிழர்களாகிய நாங்கள் போகும் மளிகைக் கடை, தோசைக் கடை, நகைக் கடை, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் இடம் என்று பலவற்றின் வாசலும் இந்தச் சாலையைப் பார்த்தே இருக்கிறது. கட்டடத்துக்குள் எதை மாற்றுவதென்றாலும் நகராட்சியைக் கேட்க வேண்டும். வாசலைத் தாண்டி, நடைபாதையில் ஒரு கல்லைப் பெயர்ப்பதென்றால் மாநிலப் போக்குவரத்துத் துறையைக் கேட்க வேண்டும். கால்டிரான்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்தத் துறைக்கு மாநிலம் முழுக்க 12 மாவட்ட அலுவலகங்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கானது நான்காவது மாவட்டம், அலுவலகம் ஓக்லாண்டில்.

கரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இந்தச் சாலையில் டிபன் கடை தொடங்க ஒரு பழைய கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். கார் உள்ளே நுழையும் வழி குறுகல். அகலப்படுத்த வேண்டும். ஒரு நாள் இரவு போன் செய்தார்.

“அண்ணா, ரோடு ஸ்டேட்டோடதாம். பெர்மிட் இல்லாம ஒரு கடப்பாரை போடக்கூடாதுங்கறாங்க. அங்க நமக்கு யாரையாவது தெரியுமாண்ணா?”

“யாரையும் தெரிஞ்சிருக்க வேண்டாம் தம்பி. படிவம் இருக்கு, வரைபடம் கொடுக்கணும், அவ்வளவுதான்.”

அவர் நம்பவில்லை. அவர் நம்பாததன் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா ஊரில் சாலையோரப் புறம்போக்கில் டீக்கடை வைத்திருந்தார். சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வருகிறார்கள் என்று பேச்சு எழுந்தாலே வீட்டில் அடுப்பு பற்றவைக்க மறந்துபோவார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு யாரையாவது பார்க்கக் கிளம்புவார். யாரைப் பார்க்க வேண்டும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அந்த நிலத்தில் நிற்பதற்கு அப்பாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கடைசிவரை இருந்ததில்லை. கேட்டு வாங்கலாம் என்று அவருக்குச் சொன்னவர்களும் இல்லை. யாரோ ஒருவரின் தயவில் அவர் அந்த இடத்தில் ஆயுள் முழுக்க நின்றார்.

இங்கே இந்த அனுமதியைப் பற்றிய சட்டம் சாலைகள், நெடுஞ்சாலைகள் சட்டத்தொகுப்பின் 660ஆம் பிரிவில் தொடங்குகிறது. கம்பம், குழாய், வேலி, விளம்பரப் பலகை, விற்பனைத் தட்டி என்று ஒரு நீண்ட பட்டியல் அதில் வருகிறது. மாநிலச் சாலையின் எல்லைக்குள் இவற்றில் எதை வைப்பதானாலும், அங்கே எந்த வேலையைச் செய்வதானாலும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். இதற்கான பொதுவான படிவம் டிஆர்-0100. கோடிக்கணக்கில் புரளும் மின்சார நிறுவனம் கம்பம் நடுவதற்கும் அதே படிவம், டிபன் கடைத் தம்பி வாசலை அகலப்படுத்துவதற்கும் அதே படிவம். வரைபடமும், வேலை நடக்கும்போது போக்குவரத்தை எப்படித் திருப்பிவிடுவது என்ற திட்டமும் இணைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 671.5ஆம் பிரிவு. விண்ணப்பம் முழுமையாக வந்து சேர்ந்த 60 நாட்களுக்குள் துறை ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். மறுப்பு என்று அந்தக் கெடுவுக்குள் தெரிவிக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். முழுமையானதா என்று தீர்மானிப்பது துறைதான், அதில் நாட்கள் போகத்தான் செய்யும். இருந்தாலும் அரசு வாய் திறக்காமல் இருந்தால் அது குடிமகன் பக்கம் சாயும் என்று ஒரு சட்டம் எழுதி வைத்திருப்பதைப் படித்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். தம்பியின் வரைபடம் திருத்தங்களுடன் திரும்பி வந்தது, திருத்தி அனுப்பினார், அனுமதி வந்தது. திறப்பு விழாவன்று அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

எல் கமீனோ போன்ற சாலைகளில் பக்கத்து நிலக்காரருக்குச் சாலைக்கு வர உரிமை உண்டு, எங்கே எப்படி வருவது என்பதைத்தான் அனுமதி முடிவு செய்கிறது. ஃப்ரீவேயில் அந்த உரிமையே கிடையாது. வீட்டுக் கொல்லையை ஒட்டி ஓடினாலும் நடுவில் வேலி. அந்த வேலிக்கும் சாலையோர வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே கிடக்கும் புல்வெளி, சரிவு, பாலத்தடி எல்லாம் மாநிலத்தின் நிலம். தினமும் பார்த்துக்கொண்டே போகிறோம். யாருடையது என்று யோசிப்பதில்லை.

அப்படிப்பட்ட மாநில நிலத்தில் நானும் இறங்கி நின்றது குப்பை பொறுக்க. எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலர் சேர்ந்து நெடுஞ்சாலைத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒரு துண்டுச் சாலையைக் கேட்டோம். இது டெக்சஸில் பிறந்த திட்டம். முன்னால் போன வண்டியிலிருந்து குப்பை பறந்து விழுவதைப் பார்த்த டைலர் பகுதிப் பொறியாளர் ஜேம்ஸ் எவன்ஸ் யோசனை சொல்ல, 1985இல் அங்கே தொடங்கியது. கலிஃபோர்னியாவுக்கு 1989இல் வந்தது. குப்பை பொறுக்குவதற்கும் அதே அனுமதிதான் வேண்டும், ஆனால் காசு இல்லை. வழக்கமாக இரண்டு மைல் தூரம், ஐந்து ஆண்டுகளுக்கு. வீட்டுக்குப் பக்கத்துத் துண்டுகளை ஏற்கெனவே வேறு குழுக்கள் எடுத்திருந்ததால் எங்களுக்குக் கில்ராய்க்குக் கிழக்கே 152ஆம் எண் சாலையில் கிடைத்தது. பூண்டு வயல்களும் செர்ரித் தோப்புகளும் உள்ள பகுதி.

முதலில் பாதுகாப்பு வகுப்பு. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, ஆரஞ்சு நிற மேல்சட்டை எல்லாம் துறையே கொடுக்கிறது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடிதான் நடக்க வேண்டும். மூடுபனியிலும் இருட்டிலும் இறங்கக் கூடாது. ஊசி கிடந்தால் தொடக் கூடாது. பையை நிரப்பிக் கட்டி ஓரமாக வைத்தால் துறையின் வண்டி வந்து எடுத்துப் போகும். வேகமாகப் போகும் லாரியின் காற்று முகத்தில் அறையும்போதுதான் இத்தனை விதிகளும் எதற்கு என்று உடம்புக்குப் புரிகிறது. சாலைப் பணியாளர்கள் இந்தக் காற்றிலேயே வாழ்நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். அவர்களை இப்போது நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். ஆரஞ்சுக் கூம்புகள் தெரிந்தவுடன் வேகத்தைக் குறைக்கச் சொல்லி என் பிள்ளைகளை அதட்டுகிறேன்.

எங்கள் குழுவின் பெயர் தாங்கிய பலகை சாலையோரம் நிற்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்த ஊரு ரோட்டுல நம்ம பேரா?” என்று கேட்டார். குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய நாளில் வராத ஒரு நிமிர்வு அன்று எங்கள் எல்லோருக்கும் வந்தது. பொது நிலத்துக்கு உழைப்பைக் கொடுத்து, கேட்டு வாங்கிய இடம் அது. யாருடைய சலுகையும் இல்லை.

எல்லோருக்கும் ஒரே விதி என்பதை நிலைநாட்ட நீதிமன்றப் படியேறியவர்கள் உண்டு. 2001 நவம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின், மாநிலம் முழுக்கப் பாலங்களின் வேலிகளில் தேசியக் கொடிகள் தொங்கின. அவற்றுக்கு யாரும் அனுமதி வாங்கவில்லை, யாரும் அகற்றவுமில்லை. ஸ்காட்ஸ் வேலி பக்கம் 17ஆம் எண் சாலைப் பாலத்தில் இரண்டு பெண்கள் கொடிக்கு அருகே போருக்கு எதிரான பதாகையைக் கட்டினார்கள். அது அகற்றப்பட்டது. வழக்கு ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கொடிக்கு அனுமதி வேண்டாம், மற்றப் பதாகைக்கு வேண்டும் என்று பிரிப்பது கருத்தைப் பார்த்துப் பாகுபடுத்துவது என்று 2003இல் நீதிமன்றம் சொன்னது. போர்க்காலத்தில், கொடிக்கு எதிரே நின்று, இரண்டு சாதாரணப் பெண்கள் பெற்ற தீர்ப்பு இது. அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர்களுக்கு மனதுக்குள் வணக்கம் சொல்கிறேன்.

ஆனால் காகிதத்துக்கு ஒரு வேகம் இருக்கிறது, துயரத்துக்கு வேறு வேகம். 2009 மே 10 ஞாயிற்றுக்கிழமை, டொரன்டோவில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். என் நண்பரின் அக்கா கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர். இலங்கையில், முள்ளிவாய்க்காலில் போர்க் குண்டு விழுந்துகொண்டிருந்தது. நள்ளிரவு வரை சாலை மூடிக் கிடந்தது. அடுத்த நாள் பத்திரிகைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அனுமதி இல்லாமல் எப்படி ஏறலாம் என்று கேட்டார்கள். தங்கையின் குடும்பம் பதுங்குகுழியில் இருக்கும்போது எந்த அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிட்டு எத்தனை நாள் காத்திருப்பது? அனுமதி முறையை இவ்வளவு மதிக்கிற நான் அன்று அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன், அதைச் சொல்லத் தயங்கியதும் இல்லை.

விண்ணப்பிக்க வழியே இல்லாதவர்களும் இதே நிலத்தில் இருக்கிறார்கள். மேற்கு ஓக்லாண்டில் வுட் தெருவை ஒட்டி, ஃப்ரீவேக்கு அடியிலும் பக்கத்திலும் கால்டிரான்ஸ் நிலத்தில் வீடில்லாத பல நூறு பேர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அவர்களும் உதவ வந்தவர்களுமாகக் களிமண்ணைக் குழைத்துச் சமையலறையும் மருத்துவ அறையும் கட்டியிருந்தார்கள். 2022 ஜூலையில் பெரிய தீ விபத்து. அதன் பின் துறை அவர்களை வெளியேற்ற முற்பட்டது. ஒரு கூட்டாட்சி நீதிபதி அதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார். செப்டம்பரில் காலி செய்யும் வேலை தொடங்கிவிட்டது. 2024 ஜூலையில் ஆளுநர் நியூசம், மாநில நிலங்களில் உள்ள இத்தகைய கூடாரங்களை அகற்றும்படி துறைகளுக்கு ஆணையிட்டார். பொதுவாக 48 மணி நேர அறிவிப்பு. தம்பியின் வாசலுக்கு 60 நாள் யோசிக்கும் அரசு, ஒரு மனிதனின் இருப்பிடத்துக்கு இரண்டு நாள் தருகிறது. பாலத்தடியில் வாழ்வது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. போக இடம் காட்டாமல் போகச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

முறையாக ஒப்பந்தம் போட்டவர்களெல்லாம் நிலத்தைக் காத்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஃப்ரீவே பாலத்தடிகளை மாநிலம் வாடகைக்கு விடுகிறது. 2023 நவம்பர் 11 அதிகாலை, லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் 10ஆம் எண் ஃப்ரீவேக்கு அடியில் அப்படி வாடகைக்கு விட்டிருந்த இடத்தில் தீப்பிடித்தது. மரப்பலகை அடுக்குகள் உட்பட எரியக்கூடிய பொருள்களை அங்கே குவித்து வைத்திருந்தார்கள். நாளுக்குச் சுமார் மூன்று லட்சம் வண்டிகள் போகும் சாலை ஒரு வாரத்துக்கு மேல் மூடப்பட்டது. யாரோ வைத்த தீ என்றார்கள் விசாரித்தவர்கள். அந்த இடம் ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்குப் போயிருந்தது என்றது மாநிலம். அதே வகை நிலத்தைச் சில நகரங்களுக்கு மாதம் ஒரு டாலர் வாடகையில் அவசரத் தங்குமிடம் அமைக்கக் கொடுக்கவும் இங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தச் சட்ட வழியை இன்னும் அகலமாகத் திறக்கலாம்.

எங்கள் 152ஆம் எண் சாலைக்கு வருகிறேன். செர்ரிப் பருவத்தில் தோப்பில் வேலை செய்யும் மெக்சிகோக் குடும்பங்கள் பிக்கப் வண்டியை ஓரத்தில் நிறுத்திப் பெட்டி பெட்டியாகப் பழம் விற்பார்கள். குடை விரித்து, பெண் குழந்தை ஒன்று சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும். சட்டத்தொகுப்பின் 731ஆம் பிரிவின்படி மாநிலச் சாலை எல்லைக்குள் வண்டியை நிறுத்தி விற்பது பொதுத் தொல்லை. ரோந்து வண்டி தெரிந்தால் அவசரமாகக் குடையை மடக்குவார்கள். அந்த அவசரத்தை நான் சிறுவனாக எங்கள் டீக்கடையில் பார்த்திருக்கிறேன். 2018இல் இயற்றிய ஒரு சட்டம் நகராட்சி, கவுண்டி நடைபாதைகளில் விற்பவர்களைக் குற்றவாளிகளாக நடத்தக் கூடாது என்று தடுத்தது. நகர நடைபாதைக்குக் கிடைத்த அந்த நிழல் மாநிலச் சாலையோரத்துக்கு எட்டவில்லை.

வேகமாக வண்டி போகும் ஓரத்தில் விற்பனை கூடாது என்பது நியாயம். மாற்று இடம் தர முடியாது என்பது நியாயமில்லை, ஏனென்றால் தந்த முன்னுதாரணம் இருக்கிறது. மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளின் ஓய்விடங்களில் வணிகம் தடை. ஆனாலும் அங்கே தானியங்கி விற்பனை இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை நடத்துவதில் பார்வையற்றோருக்கு முன்னுரிமை. பார்வையற்றோர் அரசுக் கட்டடங்களில் கடை நடத்த 1936இல் வந்த ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டத்தின் வழியில் வந்த ஏற்பாடு இது. தடைக்கு நடுவே ஒரு கதவை, தேவைப்பட்டவர்களுக்காக, சட்டமே திறந்து வைத்திருக்கிறது.

கால்டிரான்ஸ் வைத்திருக்கும் கார் நிறுத்தங்கள் வார இறுதிகளில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கின்றன. பறித்த பழத்தைப் பருவகாலத்தில் அங்கே விற்க, சிறு கட்டணத்தில், ஸ்பானிஷ் மொழிப் படிவத்தோடு, அதே 60 நாள் கெடுவோடு அனுமதி தர வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத எங்கள் குழு ஒரு வரைவு தயாரித்திருக்கிறது. டிபன் கடைத் தம்பியின் மனைவிக்கு ஸ்பானிஷ் தெரியும், மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். செர்ரி இறங்கியதும் அதை முதலில் சாலையோரம் விற்பவர்களிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டப்போகிறோம். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை எடுத்துவிட்டு, வேண்டும் என்பதைச் சேர்த்து, அதன் பிறகுதான் அனுப்புவோம்.