பானை ஓட்டில் ஒரு பேரு

போன ஞாயிறு அக்கா பொண்ணோட கீழடி அருங்காட்சியகம் (2023ல திறந்தாங்களே, அதான்) போயிருந்தேன். அன்னிக்குப் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பட்டறை. ஆளுக்கொரு பானை ஓடும் ஆணியும் குடுத்து, தமிழி எழுத்துல பேரைக் கீறச் சொன்னாங்க.

"மாமா, 'ஆதன்'ல புள்ளியே காணோம்?"

கீழடியில கிடைச்ச ஓட்டுல இருக்கிற பேரு அது. பழைய தமிழியில மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற வழக்கம் இல்லையாம். ராஜா வெட்டின கல்வெட்டும் இல்லீங்க; 2000 வருஷத்துக்கு முன்னாடியே வீட்டுப் பானையில கீறின பேரு.

அவ கீறினது அவ பேரை இல்ல, அவ அம்மாச்சி பேரை. அதாவது, இன்னிக்கும் கைநாட்டு வைக்கிற எங்கம்மா பேரை.

வீட்டுல அம்மா ஓட்டைத் தடவித் தடவிப் பார்த்துச்சு. "எம்பேரா இது?"

இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இத்தனை வருஷமா இது தோணலை பாருங்க. நேத்து ஒரு சிலேட்டு வாங்கியாந்தேன். முதல் எழுத்து வந்துருச்சு :-)