பாசிக்குடாவில் ஒரு பகல்

பாசிக்குடாவுக்குப் போவோம் என்று எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் முதலில் சொன்னவர் தலைவி அல்ல. எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர். "கோயிலுக்குத்தானே எப்பவும் வான் பிடிக்கிறம். ஒருக்காக் கடலுக்குப் போவமே. வெள்ளைக்காரன் பிளேன் ஏறி வந்து பாக்கிறான். இந்தா முப்பத்தைஞ்சு கிலோமீற்றரில இருக்கிற நான் இன்னும் பாக்கயில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நாங்கள் இப்போது இருப்பது திராய்மடுவில். 2004 டிசம்பர் 26 வரை நாவலடியில் இருந்தோம். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக, நடுவே மணல்மேட்டில் எங்கள் வீடுகள். அன்று காலை என் இடுப்பில் இரண்டு வயது மகள், கைப்பிடியில் ஆறு வயது மகன். தண்ணீர் வடிந்தபோது இடுப்பில் இருந்தவள் மட்டும்தான் என்னிடம் இருந்தாள். இதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. வாசிக்கின்ற உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். அதன் பிறகு நான் கடற்கரைக்குப் போனதில்லை. நினைவு நாளில் எல்லோரும் கரையில் விளக்கேற்றுவார்கள், நான் வீட்டு வாசலில் ஏற்றுவேன்.

அந்த மகள்தான் இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்யும் வேலையில் இருக்கிறாள். இரண்டு வருடங்களாகின்றன. "ஒருநாள் வந்து பாருங்களன் அம்மா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லி வந்தேன். சங்கத்தில் ஆளுக்கு வாரம் இருநூறு ரூபாவாக நாலு மாதம் சேர்த்து வான் பேசி முடித்தபோது, சொல்வதற்குச் சாட்டு எதுவும் மிஞ்சவில்லை.

ஆனி மாதத்தில் போனோம். போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கார்த்திகை தொடங்கித் தை வரையும் வாடைக்காற்றும் மழையும். அப்போது எங்கள் கரைக் கடல் முரடாக இருக்கும். சித்திரையில் இருந்து புரட்டாதி வரை பாசிக்குடா குளம் போலக் கிடக்கும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் கால் வைக்க இடமிராது என்று மகள் சொன்னதால் புதன்கிழமை ஒன்றைத் தெரிவு செய்தோம்.

ஏறாவூர், செங்கலடி தாண்டும் வரை வானுக்குள் ஒரே பாட்டும் கைதட்டலும். வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வாசலைக் கடக்கும்போது ஒருவரும் சொல்லாமலே பாட்டு நின்றது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்த அகதி முகாமில் இருந்து கூட்டிச் செல்லப்பட்ட 158 பேரும் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒருவரின் தங்கை எங்கள் வானில் இருந்தார். சித்தாண்டி முருகன் கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். அதன் பிறகு அவரே பாட்டைத் தொடக்கி வைத்தார்.

ஓட்டமாவடிப் பாலத்தையும் பார்த்து வருவோம் என்று வாழைச்சேனையைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனோம். 2010இல் புதிய பாலம் திறக்கும் வரை ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஒரே இரும்புப் பாலத்தில்தான் போய் வந்தன. வாழைச்சேனையில் 1956இல் தொடங்கிய காகித ஆலை இருக்கிறது. வைக்கோலில் இருந்து காகிதம் செய்த ஆலை அது. காலை வேளையில் போனால் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து சேருவதையும் பார்க்கலாம். நாங்கள் போகும்போது வெயில் ஏறிவிட்டது. கருவாடு வாங்கியதோடு சரி.

பாசிக்குடாவும் கல்குடாவும் பக்கத்துப் பக்கத்துக் குடாக்கள். ஒன்றுக்குப் பாசியால் பெயர், மற்றதற்குக் கல்லால். 1970களிலேயே இங்கு ஹோட்டல்கள் இருந்தன. 1978 நவம்பர் சூறாவளி வந்தது, பிறகு யுத்தம், பிறகு சுனாமி. யுத்தம் முடிந்து 2011 தொடக்கம் புதிய ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. இப்போது வீதியில் நின்று பார்த்தால் மதில்கள்தான் தெரிகின்றன, கடல் தெரியவில்லை. பொதுமக்கள் போகும் வழி ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதால் இறங்கி மணலில் நடந்தபோது ஒரு ஹோட்டல் காவலாளி "அங்கால போங்க, அங்கால போங்க" என்று கையைக் காட்டினார். "தம்பி, கதிரை உங்கட, மண் எங்கட" என்றார் ஆச்சி. கடற்கரை மணலை எவரும் உறுதி எழுதி வாங்கவில்லை என்பது உண்மைதான். என்றாலும் காவலாளியும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே, பாவம்.

கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரைவட்டமாக வளைந்த கரை. நூறு மீற்றருக்கு மேல் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். வெளியே இருக்கும் முருகைக்கற்பார் அலையைத் தடுத்துவிடுகிறது. அடியில் கண்ணாடி பொருத்திய படகில் போய் அந்தக் கற்களையும் நிற நிறமான மீன்களையும் பார்த்து வரலாம். விலையைப் பேசிய பிறகே ஏறுங்கள். 1998இலும் 2016இலும் கடல் சூடேறியதில் முருகைக்கற்கள் பெருமளவு வெளுத்துச் செத்துப் போயின. ஆகவே படத்தில் பார்ப்பது போல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கல்குடாப் பக்கம் அமைதியானது, நடந்து திரிய அழகானது. ஆனால் அங்கு ஆழமும் இழுவையும் உண்டு. குளிப்பதற்கு உகந்ததல்ல. நேரமுள்ளவர்கள் வடக்கே காயங்கேணி வரை போகலாம். அந்தக் கடற்பகுதி 2019இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மாற்றுடுப்பும் இரண்டு பழைய சீலையும் கட்டாயம் கொண்டு போங்கள். உடுப்பு மாற்றும்போது மறைப்புப் பிடிக்கச் சீலையைப் போல் உதவுவது வேறொன்றுமில்லை.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஆச்சி கழுத்தளவு தண்ணீரில் எருமை போலக் குந்திக்கொண்டு இரண்டு மணித்தியாலம் எழும்பவில்லை. நான் சோற்றுப் பார்சல்களுக்குக் காவலாக மரநிழலில் இருந்தேன்.

மதியம் மகள் வந்தாள். வேலையிடத்துச் சீருடை, அரை மணித்தியாலம்தான் இடைவேளை. கொண்டு போன மீன்குழம்புச் சோற்றை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவக் கடலுக்குப் போனவள் திரும்பி நின்று, "அம்மா, கால மட்டும் வையுங்களன். இஞ்ச அலை வராது. அங்கால கல் பிடிச்சிரும்" என்றாள்.

"அண்டைக்கும் அந்தக் கல் இருந்ததுதானே" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "எனக்கு நீந்தத் தெரியும் அம்மா" என்றாள். கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி பழக்கினாளாம். லீவு நாட்களில் இரண்டு பேரும் இறங்குவார்களாம். எனக்குச் சொன்னால் வேலையை விடச் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில் மறைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. ஏசுவதற்கு வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை.

சுனாமியில் எங்கள் பக்கத்தில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் இறந்தார்கள். நீந்துவதும் மரமேறுவதும் ஆண் பிள்ளைகளின் வேலை என்று வளர்த்தோம். நீண்ட தலைமயிர், கால் தட்டும் சீலை, கையில் பிள்ளைகள். கடலுக்கு ஐம்பது யார் தூரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நீந்தத் தெரியாது. என் தாய்க்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என் மகன் இருந்திருப்பான் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில் நீந்தத் தெரிந்தவர்களும் போனார்கள். ஆனால் என் மகள் தெரிந்து வைத்திருக்கிறாள். அதற்காக அவளை ஏச எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

எழும்பிப் போய்க் கரையில் நின்றேன். அவள் கையைப் பிடித்தாள், இந்த முறை அவள் என்னை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் வரை போனேன், அதற்கு மேல் முடியவில்லை. "காணும்" என்றேன். "ஓம், இண்டைக்குக் காணும்" என்றாள். அழுதேன்தான். தூரத்தில் நின்ற ஆச்சி பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மகள் மணியைப் பார்த்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் ஆளுக்கொரு சட்டி எருமைத் தயிர் வாங்கினோம். வானுக்குள்ளேயே அடுத்த பயணத்துக்கு வாக்குவாதம் தொடங்கிவிட்டது. வெருகல் முருகனிடம் போவோம் என்கிறார் தலைவி. நிலாவெளிக்குப் போய்ப் புறாத்தீவு பார்க்க வேண்டும் என்கிறார் ஆச்சி. நான் பாசிக்குடாவுக்கே இன்னொரு தரம் என்று பெயர் கொடுத்திருக்கிறேன். மகளுக்கு லீவு கிடைக்கும் நாளாகப் பார்த்து.