பட்சியோவில் ஒரு ராத்திரி

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணி. வண்டலூர் மேம்பாலத்தில் ஒரு மனிதர் சைக்கிளில் ஏறினார், இறங்கினார், திரும்பி மறுபடியும் ஏறினார். பன்னிரண்டாவது தடவை ரோந்து வண்டி ஓரம் கட்டியது. "என்ன சார், ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார் காவலர்.

"இல்ல சார், மலை ஏறப் பழகறேன்."

காவலர் பாலத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரை ஒருமுறை பார்த்தார். பேசாமல் போய்விட்டார்.

தாம்பரம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் பெரிய குறையே இதுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கேளம்பாக்கம் சாலையில் போய்க் கோவளம் தொட்டுத் திரும்பினால் அறுபது கிலோமீட்டர் ஓட்டலாம், ஆனால் ஏற்றம் என்று சொல்ல எதுவும் கிடைக்காது. பரங்கிமலை இருக்கிறது, மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். உருப்படியான மலை வேண்டுமென்றால் 14 கொண்டை ஊசி வளைவு உள்ள ஏலகிரிக்கோ, 70 வளைவு உள்ள கொல்லிமலைக்கோ போக வேண்டும். அதனால் வாரநாளில் மேம்பாலம், மாதம் ஒருமுறை ஏலகிரி. கடற்கரைச் சாலையின் எதிர்க்காற்று மட்டும் இலவசம். லடாக்கின் மோர் சமவெளியில் பிற்பகலில் வீசும் காற்றுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சேலையூர்க்காரரான அவருக்கு அப்போது வயது 54. மெப்ஸில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. 2024 ஆகஸ்ட் கடைசியில் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போவதாகத் திட்டம். ரோத்தாங் கணவாய் வழியாகப் போனால் 470 கிலோமீட்டர் சொச்சம். 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் இதில் 46 கிலோமீட்டரைக் குறைத்துவிடும். ஆனால் கணவாய்க்காகவே போகிறவருக்குச் சுரங்கம் எதற்கு?

எட்டு ராத்திரியில் முடிகிற மாதிரி ஒரு அட்டவணை போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்தார். மனைவி அதைத் தொடவில்லை.

"முதல்ல 2018 கணக்கை முடிங்க. அப்புறம் இதைப் பேசலாம்" என்றார்.

2018 ஜூலையில் மூன்று நண்பர்களோடு விமானத்தில் லே போயிருந்தார். 30 மீட்டரில் கண் விழித்து, 3,500 மீட்டரில் படுத்தார். மறுநாளே கர்துங் லா கணவாய்க்குச் சைக்கிளை எடுத்தார்கள். அப்போது அங்கிருந்த பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. உண்மை உயரம் 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடிதான். அவர் அந்தப் பலகைவரை போகவே இல்லை. தென் புல்லு சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால் தலை பிளந்தது. வாந்தி. இறங்கி நடந்தால் கால் ஒரு பக்கமாக இழுத்தது. லாரிக்காரர் ஒருவர் சைக்கிளைப் பின்னால் போட்டு, அவரை முன்னால் உட்கார வைத்துக் கீழே கொண்டுவந்து விட்டார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் செய்து, "சூப்பரா இருக்கு, சிக்னல்தான் சரியில்ல" என்றார்.

மூன்று மாதம் கழித்து, குரோம்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலை நண்பர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மனைவி பாயசத்தைக் குடித்து முடித்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

அவர் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவர், அதுவும் தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனையில். காசநோய்க்காரர்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய இடம் அது. மூச்சுக்குத் திணறுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "கால் இழுத்துச்சுன்னா அது மூளையில நீர் கோக்குறதோட ஆரம்பமா இருக்கலாம்னு தெரியுமா உங்களுக்கு? லாரி வரலைன்னா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

அவரிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து, "அப்ப நீயே திட்டம் போடு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மனைவி அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்துவிட்டார்.

அவருடைய அட்டவணை கிலோமீட்டரில் இருந்தது. மனைவி போட்டது தூங்கும் உயரத்தில். வித்தியாசம் அங்கேதான். பகலில் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் உடம்புக்குக் கணக்கு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடம் நேற்றைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நன்றாக ஓட்டுகிறவர்கள் வேகமாக மேலே போய்விடுவதால் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் ஜிஸ்பாவில் தூங்கிவிட்டு, மறுநாள் ஜிங்ஜிங்பார் என்று எழுதியிருந்தார். 3,200-லிருந்து 4,270. மனைவி சிவப்புப் பேனாவால் சுழித்தார். "நடுவுல ஊர் எதுவும் இல்லையா?"

"பட்சியோன்னு ஒண்ணு இருக்கு. 3,800 மீட்டர். அங்க ஒண்ணுமே கிடையாதும்மா. நாலு தாபா இருந்தாலே அதிகம்."

"தூங்கத்தானே போறீங்க?"

இப்படியே எட்டு ராத்திரி பதினாலு ஆனது. மணாலியில் இரண்டு, மர்ஹியில் ஒன்று, ரோத்தாங்கைக் கடந்து கீழே இறங்கிக் கேலாங்கில் இரண்டு, ஜிஸ்பா, பட்சியோ, ஜிங்ஜிங்பார். பிறகு 4,890 மீட்டர் பாரலாச்சா லா ஏறி, சர்ச்சுவில் இரண்டு. அதன் பிறகு 21 வளைவு கட்டா லூப்ஸ், நக்கி லா, லாச்சுலுங் லா, பாங். கடைசியாக 5,328 மீட்டர் தங்லங் லா. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். ரயிலில் டெல்லி, அங்கிருந்து பஸ், திரும்ப லேயிலிருந்து விமானம் என்று மொத்தம் இருபது நாள் விடுப்பு. மேனேஜர் முகம் சுளித்தார். தீபாவளிக்கு ஒரு நாள்கூட லீவு கேட்க மாட்டேன் என்று இவர் எழுதிக் கொடுக்காத குறை.

சைக்கிள் விஷயத்தில் மட்டும் மனைவி தலையிடவில்லை. சென்னைக்காரர்கள் வைத்திருக்கும் கியர் தட்டைச் சாலைக்கானது. பின் சக்கரத்தில் 34 பல் வரை போகிற பல்சக்கரம் மாற்றினார், முன்னால் சிறியதும் 34. மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தது. 94-க்குக் கீழே போனால் பயந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. லேயிலேயே பலருக்கு 90-க்குக் கீழே காட்டும், சர்ச்சு மாதிரி இடத்தில் 80-களில் நிற்கும். "எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எண்ணை நம்பித் தைரியமா ஏறவும் வேண்டாம்" என்றார் மனைவி. நோட்டில் தினமும் காலையில் எழுத நாலு கட்டம் போட்டுத் தந்தார். தலைவலி பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை எத்தனை, சாப்பாடு இறங்கியதா, தூக்கம் வந்ததா, குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் பத்தடி நடக்க முடிந்ததா. தலைவலி 2 என்றால் அன்று மேலே போகக் கூடாது. கோட்டில் நடக்க முடியவில்லை என்றாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேரம் காலம் பார்க்காமல் கிடைத்த வண்டியில் கீழே இறங்க வேண்டும். மாத்திரை வேண்டுமா என்பதைத் தெரிந்த டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தார்கள்.

வெளியூர் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதால் போஸ்ட்பெய்டுக்கு மாற்றியாகிவிட்டது. ஆனாலும் ஜிஸ்பா தாண்டினால் பல நாள் போனை நம்ப முடியாது. அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று சேலையூரில் யாருக்கும் தெரியாது.

"எனக்கு நீங்க லே போய்ச் சேரணும்னுகூட இல்ல. நோட்டுல உள்ளதை உள்ளபடி எழுதணும்" என்றார் மனைவி, சென்ட்ரலில் பார்சல் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு.

லே போய்ச் சேர்ந்தார். பதினாலு இல்லை, பதினைந்து ராத்திரி ஆனது. வீட்டுக்கு வந்து, கறுத்து உரிந்த மூக்கோடு உட்கார்ந்து, பாங்கில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சாதம் வேகாமல் மேகியே கதி என்று கிடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி கேட்டுக்கொண்டே நோட்டைப் புரட்டினார். பட்சியோ: 0. ஜிங்ஜிங்பார்: 1. சர்ச்சு, இரண்டாம் நாள் காலை: 0 என்று எழுதியிருந்தது. அது அடிக்கப்பட்டு, பக்கத்தில் 2. கீழே, 'இன்னிக்கும் இங்கேயே.'

அடித்திருந்த அந்தப் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நோட்டை மூடி பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "காபி போடறேன், குளிச்சிட்டு வாங்க" என்று உள்ளே போனார்.