தண்ணீரில் மூழ்கிய மரம்

வலங்கைமான் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் பழைய நாட்டு ஓட்டு வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடு ஒரு பக்கம், உத்தரம் ஒரு பக்கம். கருஞ்சிவப்பாக ஓர் உத்தரம் தனியாகக் கிடந்தது. "ஆச்சா மரம் சார். நாயனத்துக்குக் கேட்டிருக்காங்க. நூறு வருஷ மரம்தான் பாடும்" என்றார் மேஸ்திரி.

கேட்டதோடு விடவில்லை. ஒரு சிராயைப் பொறுக்கிக்கொண்டு எதிர்க் கடையில் டீ சொன்னேன், 12 ரூபாய். தண்ணீர் டம்ளரில் சிராயைப் போட்டேன். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

நாயனம், அதாவது நாகஸ்வரம், செய்யும் ஊருக்கே கிளம்பினேன். கும்பகோணம் சுமார் 10 கி.மீ. அங்கே பஸ் மாறி, மயிலாடுதுறை சாலையில் ஆடுதுறையைத் தாண்டி நரசிங்கம்பேட்டையில் இறங்கினேன். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு நீளமான பாரி நாயனம் செய்துகொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர். 2022-ல் இந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அங்கே ஓர் ஆசாரியின் பட்டறைக்குள் கடைசல் இயந்திரம் ஓட, சிவந்த தூள் சட்டையெல்லாம் ஒட்டியது. அடியில் பூட்டும் அணசு மட்டும் வாகை. உலவு என்கிற குழல் முழுக்க ஆச்சா. முடிந்த உலவு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மேலே குறுகி, கீழே விரியும் துளை. மயிரிழை வெடிப்புகூட இல்லை. மூலையில் இன்னொன்று நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

"அது புது மரம். ரெண்டு கோடை தாங்கல" என்றார் பட்டறை ஆசாரி.

எல்லா வாத்தியத்துக்கும் கனமான மரம் ஆகாது. கித்தாரின் மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரத்தைத் தேடுவார்கள். தண்ணீரின் எடையில் பாதிகூட இருக்காது, ஆனால் விறைப்பானது. கம்பியோடு சேர்ந்து பலகையும் அதிர வேண்டுமே! நாயனத்தில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. மரத்தின் வேலை, ஊதுபவரின் மூச்சு ஈரம் பட்டாலும் கோணாமல், வெடிக்காமல் நிற்பது. அதற்கு மரம் கனமானதாக, ஈரமெல்லாம் வற்றி அடங்கியதாக இருக்க வேண்டும். நூறு வருஷம் கூரையடியில் கிடந்து காய்ந்ததைத்தான் 'பாடும்' என்கிறார்கள்.

சாயங்காலம் வலங்கைமான் திரும்பினேன். உத்தரத்துக்கு விலை பேசி முடித்திருந்தார்கள். ஆணி அடித்த இடங்களைத் தவிர்த்து, இரண்டரை அடிக்கு ஒன்றாகச் சாக்கட்டிக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன், நாலு.