கங்காரு இல்லாத தேசம்

ஆஸ்திரியாவுக்குப் போய் வந்தேன் என்று ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அப்படியா! கங்காரு பார்த்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போன ஆஸ்திரியர்கள், 'எங்கள் நாட்டில் கங்காரு கிடையாது' என்று பனியனிலேயே அச்சடித்து, கடைவாசலில் தொங்கவிட்டு விற்கிறார்கள். வியாபாரமும் ஆயிற்று, பூகோள பாடமும் ஆயிற்று!

ஆஸ்திரேலியா வேறு, ஆஸ்திரியா வேறு. ஐரோப்பாவின் நடுமையத்தில் எட்டு நாடுகள் சூழ்ந்திருக்க, கடல் என்பதே இல்லாமல், மலையும் ஏரியுமாக இருக்கும் சின்ன தேசம் இது. பரப்பளவில் நம் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். ஜனத்தொகை 90 லட்சத்துச் சொச்சம்தான்.

ஜெர்மனியில் ம்யூனிக் நகரில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டு மாணவர்களுக்காக ஐந்து நாள் பஸ் பிரயாணம் ஒன்று ஏற்பாடாயிற்று. மொத்தம் முப்பத்திரண்டு பேர்; பதினோரு தேசத்துப் பிள்ளைகள். எங்களைக் கட்டி மேய்க்க, அறுபதைத் தாண்டிய ஒரு ஜெர்மன் அம்மாள். பஸ் ஓட்டியவர் லின்ஸ் நகரத்துக்காரர், ஆஸ்திரியர். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு.

தமிழ் பேச என்னைத் தவிர இன்னும் ஒருத்தி இருந்தாள். மதுரைப் பெண். ரொட்டிக் கடை ஒன்றில் விடியற்காலை ஐந்து மணிக்கே போய் நின்று வேலை பார்த்து, இரண்டு மாதம் காசு சேர்த்து இந்தப் பிரயாணத்துக்குப் பணம் கட்டியவள். பெட்டியில் பாதி இடம் அவள் அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கும் பருப்புப் பொடிக்கும் போய்விட்டது. "சோறு மட்டும் கிடைச்சாப் போதும் அண்ணா, ஆஸ்திரியாவையே ஜெயிச்சுட்டு வந்துடலாம்!" என்றாள். சோறு கிடைத்தால்தானே? நல்ல வேளையாக, வெங்காயம் வறுத்துப் போட்ட பாலாடைக்கட்டி நூடில்ஸும், 'சக்கரவர்த்தியின் பிய்த்த தோசை' என்று நாங்கள் பெயர் வைத்த கைசர்ஷ்மாரனும் கிடைத்தன. இனிப்பான கனத்த தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டு, பக்கத்தில் பிளம் பழக்குழம்பு வைத்துத் தருகிறார்கள்.

முதல் நாள் சால்ஸ்பர்க். பெயருக்கே 'உப்புக் கோட்டை' என்று பொருள். உப்பு விற்ற காசிலே ஆர்ச் பிஷப்புகள் கட்டிய ஊர். குன்றின்மேல் உட்கார்ந்திருக்கும் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1077-ல். கீழே ஒரு குறுகலான தெருவில், ஒன்பதாம் எண் வீட்டில், 1756-ஆம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி மொஸார்ட் பிறந்தார். இன்று ஊர் முழுவதும் மொஸார்ட் படம் போட்ட சாக்லேட் உருண்டைதான். வாழ்ந்தபோது அந்த மனிதருக்கு இந்த ஊரில் ஒத்துக்கொள்ளவில்லை, வியன்னாவுக்குப் போய்விட்டார். போனபின் கொண்டாடுவதில் எல்லா ஊரும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இரண்டாம் நாள் ஹால்ஸ்டாட். அடடா, அந்த ஊரை என்னவென்று சொல்வது! ஒரு பக்கம் செங்குத்தான மலை, ஒரு பக்கம் ஏரி, நடுவில் ஒட்டவைத்தாற்போல் வீடுகள். 800 பேர்கூட வசிக்காத கிராமம். இதன் அழகில் மயங்கிய சீனர்கள், 2012-ல் தங்கள் நாட்டிலேயே இதுபோல ஒன்றைக் கட்டித் திறந்துவிட்டார்கள்! புதைக்க இடம் போதாத ஊராதலால், பழைய மண்டையோடுகளை எடுத்து, பெயர் எழுதி, பூவும் இலையும் தீட்டி ஒரு சிறு மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பயமாக இல்லை. பாட்டனாரை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

மேலே மலைக்குள் உப்புச் சுரங்கம். 2003-ல் அங்கே ஒரு மரப்படிக்கட்டைக் கண்டெடுத்தார்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் வெட்டிய மரம். உப்பு ஊறிக் கெடாமல் இருந்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளிகள் அந்தக் காலத்தில் இறங்கிய வழுக்கு மரத்தில் எங்களையும் சறுக்கிவிட்டார்கள். மதுரைப் பெண் போட்ட கூச்சல் மூவாயிரம் வருஷத்து உப்பையும் கரைத்திருக்கும்!

அன்று இரவு சாப்பாட்டின்போதுதான் தகராறு வந்தது.

மறுநாள் காலை நேரே வியன்னாவுக்குப் போவதா, வழியில் மௌட்ஹௌஸனில் இறங்குவதா என்பதை மாணவர்களே தீர்மானிக்க வேண்டும் என்று அந்த ஜெர்மன் அம்மாள் சொன்னாள். மௌட்ஹௌஸன், நாஜிகள் 1938 ஆகஸ்டில் தொடங்கிய சிறை முகாம். இறங்கினால் அரை நாள் போய்விடும். வியன்னாவில் ஷோன்பிரன் அரண்மனைக்குள் போய்ப் பார்க்க நேரம் இருக்காது. வெளியே நின்று தோட்டத்தைப் பார்ப்பதோடு சரி.

முதலில் எழுந்து மறுத்தவன் போலந்துப் பையன். "பள்ளிக்கூடத்தில் எங்களை ஆஷ்விட்ஸுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு ஜன்மத்துக்கு அது போதும். நான் விடுமுறைக்கு வந்திருக்கிறேன்" என்றான். பிரேஸில் பெண், "பார்க்காமல் போனால் அரண்மனையை மட்டும் பார்த்த பாவம் வரும்" என்றாள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மதுரைப் பெண் என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, நான் சேர்த்த காசுக்கு ராஜா வீட்டையும் ராணி வீட்டையும் பார்க்கணும்னுதான் வந்தேன். அழுறதுக்கா காசு கொடுப்பாங்க?"

அதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? கையைத் தூக்கி ஓட்டெடுத்தோம். இறங்கலாம் என்று பத்தொன்பது பேர். வேண்டாம் என்று பதின்மூன்று பேர். நான் பத்தொன்பதில், அவள் பதின்மூன்றில்.

மூலையில் சூப் குடித்துக்கொண்டிருந்த டிரைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினாலு வயதில் அழைத்துப் போனார்கள். அதற்கு முன்னால் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. முகாம் எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர்" என்றார். மறுபடி சூப்பைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மௌட்ஹௌஸன் போய் இறங்கினால், நேயர்களே, முதலில் கண்ணில் படுவது பசுமைதான். டான்யூப் நதி, மேடு பள்ளமான வயல், ஆப்பிள் மரம், பண்ணை வீடு. குன்றின்மேல் கருங்கல் மதில். இந்த முகாமிலும் இதன் கிளை முகாம்களிலும் அடைபட்டவர்கள் சுமார் 1,90,000 பேர். அவர்களில் இறந்தவர்கள் குறைந்தது 90,000 பேர். யூதர்கள், போலந்துக்காரர்கள், சோவியத் கைதிகள், ஸ்பெயின் நாட்டுக் குடியரசுவாதிகள், இத்தாலியர்கள், பிரெஞ்சுக்காரர்கள் என்று அநேகமாக எங்கள் பஸ்ஸில் இருந்த ஐரோப்பியர்கள் எல்லாருடைய தேசத்துக்கும் அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருந்தது.

மதிலுக்கு வெளியே ஒரு புல்வெளியைக் காட்டினார் வழிகாட்டி. காவல் படையினரின் கால்பந்து மைதானம். சுற்றுவட்டாரத்து அணிகள் வந்து அவர்களோடு பந்தயம் ஆடியிருக்கின்றன. ஊர் ஜனங்கள் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். மைதானத்தை ஒட்டினாற்போல் நோயுற்ற கைதிகளைச் சாகவிட்ட பகுதி. நடுவில் முள்வேலி மட்டும்.

அப்பால் கருங்கல் குவாரி. அதிலிருந்து மேலே வர 186 படிகள். முதுகில் கல்லைச் சுமந்துகொண்டு கைதிகள் ஏறிய படிகள் இவை. மேலே நின்று எட்டிப் பார்த்தோம். யாரும் பேசவில்லை. போலந்துப் பையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மதுரைப் பெண் மட்டும் குவாரியைப் பார்க்காமல் எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வீடெல்லாம் அப்பவே இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தன என்றார் வழிகாட்டி. "அப்ப அவங்களுக்குத் தெரியாதா?"

அதற்கு அவர் இரண்டு பெண்களின் கதையைச் சொன்னார். இரண்டும் நடந்தவை.

1941-ல் குவாரிக்கு அருகே வசித்த ஒரு விவசாயப் பெண் அதிகாரிகளுக்குப் புகார் எழுதினாள். கைதிகளைச் சுடுகிறார்கள், உடனே சாகாதவர்கள் வெகுநேரம் கிடந்து துடிக்கிறார்கள், பார்த்துப் பார்த்துத் தன் உடம்பும் நரம்பும் தாங்கவில்லை, இதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலாவது செய்யுங்கள் என்பது அந்தப் புகாரின் சாரம்.

இன்னொருத்தி மரியா லாங்தாலர். 1945 பிப்ரவரியில், உறைபனி இரவில், சுமார் 500 சோவியத் கைதிகள் மதிலேறித் தப்ப முயன்றார்கள். அவர்களைப் பிடிக்கச் சுற்றுவட்டாரத்து ஜனங்களையும் ஏவினார்கள். அதற்கு 'முயல் வேட்டை' என்று பெயர் வைத்தார்கள். வேட்டைக்குத் தப்பி உயிர் பிழைத்ததாகத் தெரிய வந்தவர்கள் பதினோரு பேர்தான். அவர்களில் இருவர் லாங்தாலர் குடும்பத்தின் கதவைத் தட்டியவர்கள். அவளுடைய பிள்ளைகளோ அப்போது போர்முனையில், ஜெர்மன் ராணுவத்தில். அகப்பட்டால் குடும்பமே அழியும். இருந்தும் எதிரி நாட்டுப் பிள்ளைகள் இருவரையும் உள்ளே விட்டு, சோறு போட்டு, மே மாதம் போர் முடியும் வரை மூன்று மாதம் ஒளித்து வைத்திருந்தாள்.

பஸ்ஸுக்குத் திரும்பும்போது மதுரைப் பெண் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "அண்ணா, நான் கதவைத் திறந்திருப்பேனான்னு யோசிச்சுப் பார்த்தேன். தெரியலை. அந்த முதல் பொம்பளை மாதிரி ஒரு கடுதாசி எழுதியிருப்பேன். அவ்வளவுதான். அதுகூட எழுதியிருப்பேனோ என்னமோ."

"எனக்கும் தெரியாதம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

வியன்னா ராஜகம்பீரமான நகரம். அதில் சந்தேகமில்லை. பழைய கோட்டை மதிலை இடித்துவிட்டு, பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி போட உத்தரவிட்ட வட்டச் சாலை. அதன் இரு மருங்கிலும் மாளிகைகள். குழாயைத் திறந்தால் ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர். 1873 முதல் மலையிலிருந்து கால்வாய் வழியாகத் தானே சரிந்து ஓடி வருகிறது. காப்பிக் கடையில் காப்பியோடு ஒரு தம்ளர் தண்ணீரும் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்த பிறகு காப்பியே இரண்டாம் பட்சம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஆனால் எங்கள் கோஷ்டி நகரத்தைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. முகாமின் குவாரிக்கு 'வியன்னாப் பள்ளம்' என்று பெயர். ஏனென்றால் அது வியன்னா நகரசபைக்குச் சொந்தமாக இருந்து, தெருக்களுக்குக் கல் கொடுத்த குவாரி. பழைய கருங்கல் பாவிய சந்துகளில் பிள்ளைகள் கீழே பார்த்தே நடந்தார்கள். ஹெல்டன்பிளாட்ஸ் மைதானத்தில், 1938 மார்ச் 15-ந் தேதி லட்சக்கணக்கானோர் ஆரவாரம் செய்ய ஹிட்லர் நின்று பேசிய மாடத்தைப் பார்த்தோம். யூதர் சதுக்கத்தில், கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதர்களுக்கு 2000-ல் எழுப்பிய நினைவுச்சின்னத்தைப் பார்த்தோம். அது ஒரு நூல்நிலையம் மாதிரி. ஆனால் புத்தகங்களின் முதுகு உள்பக்கம் திரும்பியிருப்பதால் ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியாது. கதவு உண்டு, திறக்காது.

"நாங்கள்தான் ஹிட்லருக்கு முதல் பலி" என்றே ஆஸ்திரியா நெடுங்காலம் சொல்லி வந்தது. எங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று பிரதம மந்திரி பிரான்ஸ் விரானிட்ஸ்கி பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது 1991-ல்தான். டிரைவர் வீட்டில் ஏன் யாரும் பேசவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கிற்று.

கடைசி இரவு ஸ்டேட் ஆபரா ஹவுஸில் நின்றுகொண்டு பார்க்கிற டிக்கெட் வாங்கினோம். மலிவு விலை. இடம் பிடிக்கக் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவைப்பது அப்போது அங்கே வழக்கமாக இருந்தது. நம் பஸ்ஸில் துண்டு போடுகிறோமே, அதே சாஸ்திரம்! மதுரைப் பெண் தன் துப்பட்டாவைக் கட்டி மூன்று பேருக்கு இடம் பிடித்துவிட்டாள். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்த கட்டடம் அது. பத்து வருஷம் கழித்துத் திறந்தபோது முதலில் நடத்தியது பீத்தோவனின் 'பிடேலியோ'. சிறையில் கிடக்கும் கணவனை மீட்க, மனைவி ஆண் வேஷம் போட்டுச் சிறைக்குள்ளேயே வேலைக்குப் போகும் கதை. நிகழ்ச்சி நிரலில் இதைப் படித்துச் சொன்னதும், அவள் "அதை இன்னிக்கு வைச்சிருக்கக் கூடாதா?" என்று ஆதங்கப்பட்டாள்.

ஷோன்பிரன் அரண்மனைக்குள் கடைசிவரை போகவில்லை. அவள் அரண்மனைப் படம் போட்ட தபால் கார்டு ஒன்று வாங்கினாள். பின்பக்கத்தில் அரண்மனையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பொடி எழுத்தில் லாங்தாலர் அம்மாளின் கதையை எழுதி மதுரைக்குப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவள் அம்மா போன் பண்ணினாராம். கார்டைப் படித்துவிட்டு அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைங்க ரெண்டும் பத்திரமா ஊர் போய்ச் சேர்ந்துச்சா?"

சேர்ந்தார்கள் என்று சொல்லச் சொன்னேன். இருவரும் போர் முடிந்து தங்கள் தேசத்துக்குத் திரும்பினார்கள்.